மின்சாரம் திரும்பி வரும் வழி

வீட்டு ஒயரிங்கிலும் மோட்டார் வாகன ஒயரிங்கிலும் ‘எர்த்’ என்னும் ஒரே சொல் வழங்கிவருவது, தமிழ்நாட்டின் ஆட்டோ எலெக்ட்ரிக் பட்டறைகளில் நேரும் குழப்பங்களில் கணிசமான பங்குக்குக் காரணமாக இருக்கிறது. வீட்டில் எர்த் என்பது காவலுக்கு நிற்கும் கம்பி. மின்சாரம் பேஸ் வழியாக வந்து நியூட்ரல் வழியாகத் திரும்பிவிடுவதால், எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் எர்த் கம்பியில் ஓட்டம் ஏதும் இருப்பதில்லை. அது அறுந்துபோனாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், வீட்டாருக்குத் தெரியவும் தெரியாது. காரில் எர்த் என்பது அதற்கு நேர்மாறானது. பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் புறப்பட்ட மின்சாரம் விளக்கு, ஹாரன், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றில் வேலையை முடித்துவிட்டு, வண்டியின் இரும்பு உடலையே திரும்பும் பாதையாகக் கொண்டு பேட்டரிக்கு வந்து சேர்வதால், ஒவ்வொரு ஆம்பியரும் அந்த எர்த்தின் வழியாக ஓடியே தீர வேண்டும். ஆகவே காரின் எர்த் உண்மையில் வீட்டின் நியூட்ரலுக்கு இணையானது; நான்கு ரப்பர் சக்கரங்களின்மேல் நிற்கும் ஒரு வண்டிக்கும் மண்ணுக்கும் மின்தொடர்பு எதுவும் இல்லை என்பதை எண்ணினால், அந்தப் பெயரே பொருந்தாப் பெயர் என்பது விளங்கும். இருந்தும், வீட்டு ஒயரிங்கில் கைபழகிய பிறகு வாகன வேலைக்கு வருபவர், எர்த் ஒயரைக் கண்டால் அதை ஒரு துணைப்பொருளாகவே பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

இந்தப் பார்வைப் பிழை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு, ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரியைத் தாண்டி வரும் காட்டாங்குளத்தூரின் சிறு பட்டறை ஒன்றுக்கு வந்து சேர்ந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்றின் கோளாறு நல்ல சான்று. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட இந்த இரண்டு இருக்கைத் திறந்த கார், இப்பகுதிக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதன் அடிச்சட்டமும் முன்பக்கத் தொங்கமைப்பும் எஞ்சின் குடும்பமும் ட்ரையம்ஃப் ஹெரால்டு காரிலிருந்து எடுக்கப்பட்டவை. அதே ஹெரால்டுதான் 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில், காட்டாங்குளத்தூரிலிருந்து சில ரயில் நிலையங்கள் வடக்கே உள்ள வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் செய்யப்பட்டது. 1972இல் அதன் வழிவந்த கஸல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று தொடர்ந்த அந்த ஆலையின் கார் உற்பத்தி 1988இல் நின்றுவிட்டது. ஹெரால்டின் ஒயரிங்கைத் தொட்ட கை ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் திறந்தால் திகைப்பதில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே வீட்டின் பெரிய அறையும் சின்ன அறையும் போன்றவை. ஒயர்களின் நிறமும் பொது: பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவியைத் திருப்பிய பின் உயிர்பெறுவது வெள்ளை, ஃபியூஸைத் தாண்டிய பின் பச்சை, தலைவிளக்குக்கு நீலம், பின்விளக்குக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. பிரித்தானிய வாகனங்களுக்கு வகுக்கப்பட்ட இந்த நிறமுறையை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு வரைபடத்தின் தேவை பாதி குறைந்துவிடும்.

பட்டறைக்கு வந்தது 1967 முதல் 1970 வரை செய்யப்பட்ட மூன்றாம் வரிசை, 1296 சி.சி. எஞ்சின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள், மின்சாரம் தர ஒரு லூகாஸ் டைனமோ. இவ்வகைக் காரைத் தொடுமுன் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் எந்த முனை உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதே. இந்த வரிசைக்கு முந்தைய ஸ்பிட்ஃபயர்களிலும் அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றிலும் நேர்முனையே உடலில் பிணைக்கப்பட்டிருந்தது. அதை அறியாமல் இன்றைய ரேடியோவையோ எல்.இ.டி. விளக்கையோ பொருத்தினால் அவை வேலை செய்யாது, வீணாகிப்போகவும் கூடும். இந்தக் காரில் எதிர்முனைதான் உடலில் இருந்தது; அந்த வகையில் சிக்கல் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அதுவும் ஒன்றாக வராமல் மூன்றாக வந்தது. காரை வைத்திருந்தவர் அதைப் பல மாதங்கள் செலவிட்டு முழுவதும் பிரித்து, அடிச்சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்து, உடலுக்குப் புதுச் சிவப்பு வண்ணம் பூசி, எஞ்சினையும் புதுப்பித்திருந்தார். அதற்குப் பிறகு இரவில் ஓட்டும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறத் தொடங்கியது. பகலில் அது நடுவிலேயே நின்றது. சில வாரங்கள் கழித்து, ஓடி நின்ற சூட்டில் மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகிக்கொண்டு மெல்லச் சுற்றியது. இடையில் சோக் கேபிள் இரண்டு முறை இறுகிப்போய் இழுபடாமல் நின்றது. புறநகர்ச் சாலையோரத்தில் வாகன வேலை எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பின்விளைவு தெரியும். ரேடியேட்டர் ஒரு கடை, ‘செல்ஃப் டைனமோ’ என்று பலகை வைத்து ரிவைண்டிங் செய்வது வேறு கடை, பேட்டரி இன்னொன்று, கேபிள் மாற்றுவது பொது மெக்கானிக். சூட்டுக்காக ரேடியேட்டர் கழுவப்பட்டு, தெர்மோஸ்டாட்டும் வெப்ப சென்சாரும் மாற்றப்பட்டன. முனகலுக்காகச் செல்ஃபின் பிரஷ் மாற்றப்பட்டு, புதுப் பேட்டரியும் வாங்கப்பட்டது. கேபிளும் இருமுறை மாறியது. ஒவ்வொருவரும் தம் பங்கை நேர்மையாகவே செய்தனர். மூன்று நோய்களையும் ஒரே உடம்பில் வைத்துப் பார்க்கும் இடம்தான் அந்தத் தெருவில் இல்லை.

காட்டாங்குளத்தூர்ப் பட்டறையும் முதல் நாளில் வழிதவறியது என்பதைச் சொல்லிவிடுவது முறை. அக்கால ட்ரையம்ஃப் கார்களில் எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் நேரடியாகப் பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறுவதில்லை. இடையில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சிறு தகரப்பெட்டி இருக்கிறது. அதனுள்ளே சூடேறினால் வளையும் ஈருலோகத் தகடு ஒன்று, தன்னைச் சுற்றிய கம்பியின் வெப்பத்தால் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் நிமிர்ந்து சேர்க்கும். இப்படி விட்டுவிட்டு இணைவதால் பேட்டரி 12 வோல்ட்டில் இருந்தாலும் 14 வோல்ட்டில் இருந்தாலும் மீட்டர்களுக்குப் போய்ச்சேரும் சராசரி 10 வோல்ட்டாகவே நிற்கிறது. இப்பெட்டியின் உடலுக்கு எர்த் இல்லாமல் போனால் சூடேற்றும் கம்பியில் ஓட்டம் நின்று, தொடர்பு துண்டிக்கப்படாமலேயே இருந்து, முழு மின்னழுத்தமும் மீட்டர்களுக்குப் போய் முட்கள் ஏறிவிடும். ஹெரால்டுகளில் இதைப் பலமுறை பார்த்திருந்த பட்டறையின் மேஸ்திரி, பெட்டியை மாற்றிவிட்டு இரவுக்காகக் காத்திருந்தார். முள் முன்போலவே ஏறியது.

அரைநாளை வீணாக்கிய அந்தப் பிழை ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. ஸ்டெபிலைசர் கெட்டிருந்தால் அதிலிருந்து மின்சாரம் பெறும் இரண்டு முட்களுமே ஏற வேண்டும்; இங்கே எரிபொருள் முள் அசையவே இல்லை. இரண்டுக்கும் ஊட்டம் ஒன்று. வேறுபடுவது மறுமுனை மட்டுமே. எரிபொருள் சென்சார் டேங்கில் இருப்பதால் அதன் எர்த் உடலில் முடிகிறது. வெப்ப சென்சார் எஞ்சினில் திருகப்பட்டிருப்பதால் அதன் எர்த் எஞ்சினில் முடிகிறது.

இதைவிடக் கூர்மையான தடயம், அதே ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டிப் பார்த்தபோது கூடுவாஞ்சேரி நெரிசலில் கிடைத்தது. எஞ்சின் உண்மையிலேயே சூடேறும் கார், காற்று கிடைக்காத நெரிசலில் சூடேறி, திறந்த சாலையில் ஓடும்போது ஆறும். இந்தத் தொழிலில் இது பாலபாடம். இந்தக் காரில் நடந்ததோ தலைகீழ்: தலைவிளக்கு எரிய வேகமாக ஓடும்போது முள் ஏறியது, சிக்னலில் நின்று எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது இறங்கியது. அதாவது முள் வெப்பத்தைப் பின்பற்றவில்லை, டைனமோவைப் பின்பற்றியது. டைனமோ என்பது இன்றைய ஆல்டர்னேட்டருக்கு முந்தைய தலைமுறை. இவ்வகை லூகாஸ் டைனமோவின் உச்ச அளவு 22 ஆம்பியர் மட்டுமே, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது ஏறத்தாழ ஒன்றும் தருவதில்லை. டைனமோவைச் சுற்றிலிருந்து பிரிக்கும் கட்-அவுட் திறந்துகொண்டு, டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு எரிய, சுமை முழுவதையும் பேட்டரி தாங்கும். பகலில் இக்னிஷனுக்கு வேண்டிய நான்கைந்து ஆம்பியர் மட்டும் போதும். இரவில் 60 வாட் தலைவிளக்குகள் இரண்டுக்கு 10 ஆம்பியரும் பிற விளக்குகளுக்குச் சிறிதும் கூடி, டைனமோ 15 ஆம்பியருக்கு மேல் தர வேண்டியிருக்கும். தலைவிளக்கு எரிவதற்கும் முள் ஏறுவதற்கும் இருந்த உறவு இதுதான்.

டைனமோ தருவதில் விளக்குகளின் பங்கான 10 ஆம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் அவற்றின் வழியாகப் போய், உடலில் இறங்கி, மீண்டும் டைனமோவுக்கே திரும்ப வேண்டும். டைனமோவோ எஞ்சினில் பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் அடிச்சட்டத்தின்மேல் ரப்பர் மெத்தைகளில் உட்கார்ந்திருப்பதால், ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதற்காக, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே பின்னிய செம்புப் பட்டை ஒன்று கட்டப்பட்டிருக்கும். செல்ஃப் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் பேட்டரிக்குத் திரும்புவதும் இதே பட்டை வழியாகத்தான். அந்தப் பட்டை வேலை செய்யாவிட்டால் மின்சாரம் நின்றுவிடாது. தண்ணீரைப்போல் கிடைத்த சந்தில் வழிதேடும். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் உலோகங்கள் வேறு எவை? சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர்பாக்ஸிலிருந்து ஸ்பீடோமீட்டருக்கு வரும் கேபிள். சோக் கேபிள் இருமுறை இறுகியதன் காரணம் இந்த இடத்தில் தானே வந்து நின்றது. பாதையின் மின்தடை 0.02 ஓம் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், 100 ஆம்பியர் ஓடும்போது அதில் 2 வோல்ட் இழந்து, 200 வாட் வெப்பம் வெளிப்படும். சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைக் கேபிள் உறைக்குள் ஏற்றி அணைப்பதற்கு இது சமம். கழற்றி எறியப்பட்டிருந்த பழைய கேபிளைப் பிரித்துப் பார்த்தபோது, உள்கம்பி சுருள் உறையோடு நீலம் பாய்ந்து ஒட்டிக்கிடந்தது.

இவ்வளவு தெளிந்த பிறகும் மல்டிமீட்டர் ஒரு பொய் சொன்னது. எஞ்சினிலும் உடலிலும் முனைகளை வைத்து மின்தடை பார்த்தால், மீட்டர் பீப் என்று ஒலித்து ஏறத்தாழ சுழியைக் காட்டியது. இதை நம்பி எர்த்தை விட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. மின்தடையை அளக்க மீட்டர் செலுத்தும் ஓட்டம் மில்லி ஆம்பியர் கணக்கில். அவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு ஒற்றை நூலிழைக் கம்பியும் ராஜபாட்டைதான். மேலும் மீட்டரின் சொந்த ஒயர்களின் மின்தடையே பட்டறையில் தேட வேண்டிய மின்தடையைவிடப் பல மடங்கு பெரியது. ஒற்றையடிப் பாதையில் ஆள் நடக்க முடிகிறது என்பதால் அதில் லாரி போகும் என்று முடிவுகட்டுவது போன்றது இது. அளக்க வேண்டியது மின்தடையை அன்று. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது இரு புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் தங்கிவிடுகிறது என்பதைத்தான்.

அவ்வாறே மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தபோது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல நிலையில் அது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எஞ்சின் ஓட, தலைவிளக்கு எரிய, உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே 0.8 வோல்ட். எஞ்சினை மெதுவாகச் சுற்றவிட்டால் எண் சுருங்கி, அதன்முன் ஒரு கழித்தல் குறியும் தோன்றியது. டைனமோ ஓய்ந்து, இக்னிஷன் காயிலின் ஓட்டம் மட்டும் எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டிருந்ததன் அடையாளம் அந்தக் குறி. டைனமோ சுமை தாங்கும்போது எஞ்சின் உடலைவிட 0.8 வோல்ட் தாழ்ந்து நின்றதால், வெப்ப மீட்டருக்குக் கிடைத்தது 10 வோல்ட் அன்று, 10.8. இவ்வகை மீட்டரின் முள்ளை நகர்த்துவதும் சூடேறும் ஈருலோகத் தகடே. வெப்பம் மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால், 8 விழுக்காட்டு உயர்வு ஏறத்தாழ 17 விழுக்காடு கூடுதல் வெப்பமாகி, முள்ளை நடுவிலிருந்து சிவப்பை நோக்கித் தள்ளியது. எஞ்சினில் இருந்த தண்ணீரோ அந்த நேரமெல்லாம் இருக்க வேண்டிய சூட்டிலேயே இருந்திருக்கிறது.

பட்டை அறுந்திருக்கிறதா என்று முன்பே யாரும் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருந்தார்கள். பட்டை இருந்தது, புதியது, பளபளப்பானது, போல்ட்டுகள் இறுகப் பூட்டப்பட்டிருந்தன. அது உட்கார்ந்திருந்த இடத்தில்தான் குற்றம். அடிச்சட்டத்தில் பவுடர் கோட்டிங்கின் மேலேயே பட்டையின் கண் வைக்கப்பட்டுப் பூட்டப்பட்டிருந்தது. பவுடர் கோட்டிங் என்பது தூளாகத் தெளித்துச் சூளையில் உருக்கிப் படியவைக்கும் நெகிழிப் பூச்சு. சாதாரணமாக அது 60 முதல் 100 மைக்ரான் தடிப்பு, ஒரு தலைமயிரின் பருமன்தான், எனினும் 12 வோல்ட் மின்சாரத்துக்கு அது மதிற்சுவர். போல்ட்டின் மரையில் ஓரிரு இடங்களில் பூச்சு உரிந்து இரும்பு தொட்டதால் மட்டுமே செல்ஃப் இவ்வளவாவது சுற்றியது. அந்தத் தொடுகை அதிர்வுக்கேற்ப மாறியதால் கோளாறு ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் தணிந்தும் விளையாட்டுக் காட்டியது. பழைய காரைப் புதுப்பிப்பவர்களிடம் இது வழக்கமாகக் காணும் முரண்: துருவோடு கிடந்த காலத்தில் ஓடிய மின்சாரம், அழகுபடுத்திய பிறகு நின்றுபோகிறது. துருவையும் பூச்சையும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகாததே காரணம்; மின்சாரத்துக்கு இரண்டும் தடைதான்.

பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு ஜம்பர் கேபிள் ஒன்றை நேரே மாட்டியபோதே தீர்ப்பு கிடைத்துவிட்டது: செல்ஃப் உதறிக்கொண்டு சுற்றியது, அன்றிரவு முள் நடுவை விட்டு அசையவில்லை. பிறகு நடந்தது பத்து வயதுப் பையனும் செய்யக்கூடிய வேலை. போல்ட்டைக் கழற்றி, ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு இரும்பு வெளுக்கும்வரை எமரித் தாளால் தேய்த்து, பூச்சுக்குள் கடித்து இறங்கும் பல் வாஷர் ஒன்றை வைத்து, காற்றும் ஈரமும் புகாமல் வாஸ்லின் தடவி மறுபடி பூட்டப்பட்டது. செல்ஃப் அடிக்கும்போது இருந்த 3 வோல்ட், 0.2க்கு வந்தது.

வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இத்தகைய கோளாற்றில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பது தனியே எண்ணத்தக்கது. சுற்றுப்படத்தில் எர்த் என்பது மூன்று குறுகும் கோடுகளாலான ஒரு குறி. அது இருபது இடங்களில் வரையப்பட்டிருக்கும், அந்த இருபதும் ஒரே புள்ளி என்பது படத்தின் உடன்பாடு. பழைய காரில் அந்த உடன்பாடு முறிந்து, எஞ்சின் ஓர் எர்த்தாகவும் உடல் இன்னோர் எர்த்தாகவும், முன்னே கவிழ்ந்து திறக்கும் ஸ்பிட்ஃபயரின் பானெட் மூன்றாவது எர்த்தாகவும் பிரிந்துவிடுகின்றன. பானெட்டிலேயே தலைவிளக்குகள் இருப்பதால் அவற்றின் கறுப்பு ஒயர்கள் கீல்களுக்கருகே புல்லட் கனெக்டர்களால் இணைக்கப்படுகின்றன; வடகிழக்குப் பருவமழை தெறித்து அந்தப் பித்தளைக் குண்டுகளில் பச்சைக் களிம்பு ஏறினால், இண்டிகேட்டர் போடும்போது பக்கவிளக்கு சேர்ந்து சிமிட்டுவது போன்ற வேடிக்கைகள் தொடங்கும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொன்னார்கள், வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்போடு கூடவே இருப்பது என்பதற்காக. கனெக்டர்களைச் சுரண்டிச் சலித்த எந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் அதை மறுக்கமாட்டார். இப்படி அணையும் விளக்குகளுக்காகவே பிரித்தானிய மோட்டார் உலகம், அந்த மின்பாகங்களைச் செய்த நிறுவனத்தை நிறுவிய ஜோசஃப் லூகாஸை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்துவந்தது. 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கப்பட்டு, பாடியில் டைனமோவும் செல்ஃபும் செய்துவந்த சென்னைப் பக்கத்தில் வளர்ந்த தொழிலாளர்களுக்கு அந்தக் கேலி அவ்வளவாக ருசிப்பதில்லை. பெட்டி மாற்றியும் தீராத பல இருட்டுகள் கறுப்பு ஒயரைச் சுரண்டியதும் தீர்ந்ததைக் கண்டவர்கள் அவர்கள்.

இதற்கு மறுபக்கமாக, 1990களின் இறுதியில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கைக் காரைச் சொல்லலாம். அதன் உடல் ஃபைபர்கிளாஸ் என்பதால் உடலை எர்த்தாக நம்பும் பேச்சுக்கே இடமில்லை; உடலில் உள்ள ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பும் ஒயர் ஒன்று தனியே ஓட வேண்டும். அத்தகைய காரில் வேலை செய்பவர் திரும்பும் பாதையை ஒருபோதும் மறப்பதில்லை, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிகிறது. இரும்பு உடல் உள்ள காரில்தான் அது எங்கும் இருப்பதால் எங்கும் தெரியாமல் போகிறது.

கூலி விஷயத்தில் ஒரு சங்கடம் எஞ்சியது. கண்டுபிடிக்க இரண்டு பகலும் ஓர் இரவும் ஆயின. சரிசெய்ய அரைமணி நேரம். செலவான பொருள் ஒரு வாஷரும் உள்ளங்கை அளவு எமரித் தாளும். புதுப் பேட்டரிக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் மறுபேச்சின்றிப் பணம் கொடுத்திருந்த கார்க்காரர், பில்லில் எழுத ஒரு பொருளும் இல்லாத இந்த வேலைக்கு என்ன கொடுப்பது என்று சற்று நேரம் தயங்கி, பிறகு நியாயமாகவே கொடுத்தார். போகுமுன் குனிந்து பார்த்து, கறுப்பாக மின்னிய சட்டத்தில் பூச்சு உரிந்த அந்த நாணய அளவு இடம் கண்ணை உறுத்துகிறது, அதன்மேல் பெயிண்ட் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். போல்ட்டைக் கழற்றாமல், பட்டையின் மேலேயும் ஓரங்களிலும் மட்டும் அடித்துக் கொடுப்பது என்று முடிவாகி, மேஸ்திரியே பிரஷை எடுத்துக்கொண்டு காரின் அடியில் படுத்தார்.